புல் நுனியிற் காத்திருக்கும் விருந்தாளி

ஹாலி-எலைக்கு அப்பாலுள்ள தோட்டமொன்றிலிருந்து பாடசாலை மாணவி ஒருத்தி எழுதிய கடிதம் இரண்டு வாரமாக நமது மேசைமேற் கிடக்கிறது. “என் தம்பியின் காதுக்குள் உண்ணி புகுந்துவிட்டது. உப்புத் தண்ணீர் விடவேண்டும் என்கிறார் அப்பாயி. தேங்காயெண்ணெய் போதும் என்கிறார் அம்மா. சுருட்டுப் புகையை ஊதினால் அதுவாகவே வெளியே வந்துவிடும் என்கிறார் பக்கத்துக் காம்பரா மாமா. யார் சொல்வதைக் கேட்பது? உண்ணி கடித்தாற் காய்ச்சல் வருமென்று எங்கள் விஞ்ஞான ஆசிரியர் சொன்னாரே, அது மெய்தானா? பிடித்த உண்ணியை வைத்திருக்கலாமா, எறிந்துவிட வேண்டுமா?” என்று மூன்று கேள்விகளை அடுக்கியிருக்கிறாள் அந்தப் பெண். தம்பியின் உண்ணி அன்றைக்கே வைத்தியரால் எடுக்கப்பட்டுவிட்டது என்ற செய்தி கடிதத்தின் அடியிற் பின்குறிப்பாக இருந்தபடியால், நாமும் பதறாமல் விடையெழுத முடிகிறது.

ஊவா மலைநாட்டில் அட்டையைப் பற்றிப் பேசாத வீடில்லை. மழை தொடங்கிவிட்டால் மலைக்குப் போகிறவர் முதலிற் கேட்பது அட்டை இருக்கிறதா என்பதைத்தான். உண்ணியைப் பற்றியோ எவரும் வாய்திறப்பதில்லை. அது மாட்டுக்கும் நாய்க்கும் உரிய பிராணி, மனிதருக்கு அதனால் என்ன வந்துவிடும் என்பதே பொதுவான எண்ணம். உண்மையை நோக்கினால் அச்சத்தை நாம் இடம் மாற்றி வைத்திருக்கிறோம் என்றே சொல்லவேண்டும். அட்டை வயிறு நிறைந்ததும் தானே உதிர்ந்து போகும். சிறிது இரத்தமும், இரண்டு நாள் அரிப்பும், வெள்ளைச் சட்டையில் ஒரு கறையும் போக, அதனால் நமக்குப் பெருங்கேடு வருவது அரிது. உண்ணியோ நாட்கணக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும். உறிஞ்சுவதோடு நில்லாமல் உமிழவும் செய்யும். அவ்வாறு உமிழ்வதிலேதான் காய்ச்சற் கிருமி நம் உடம்புக்குள் இறங்குகிறது.

உண்ணி பூச்சியினத்தைச் சேர்ந்ததன்று. சிலந்திக்கும் தேளுக்கும் சுற்றத்தது. முட்டையிலிருந்து வெளிவருங் குஞ்சுக்கு ஆறு கால்கள். ஒருமுறை இரத்தங் குடித்துத் தோலுரித்த பின் எட்டுக் கால்கள். மற்றுமொரு முறை குடித்துத் தோலுரித்தால் முழுவளர்ச்சி பெற்ற உண்ணி. இதற்குச் சிறகு இல்லை. தத்துக்கிளிபோலத் தாவவும் தெரியாது. அப்படியானால் நம்மேல் எவ்வாறு ஏறுகிறது? புல்லின் நுனிக்கோ செடியின் ஓரத்துக்கோ ஏறிப் பின்னங்கால்களாற் பற்றிக்கொண்டு, முன்னங்கால்கள் இரண்டையும் வானத்தை நோக்கி விரித்தபடி நாட்கணக்கிற் காத்திருக்கும். அந்த முன்னங்கால்களில் மிகச் சிறிய குழியொன்று உண்டு. வெப்பம், ஈரம், நாம் விடும் மூச்சுக்காற்று ஆகியவற்றை அதனால் அது உணர்ந்துகொள்ளும். மூக்கைக் காலில் வைத்துக்கொண்டு பிறந்த பிராணி என்று மாணவர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளலாம். மாடோ, பன்றியோ, பாடசாலைப் பிள்ளையோ உரசிச் சென்றால் அந்தக் கணமே பற்றிக்கொள்ளும். பற்றியபின் மெல்லிய தோலும் மறைவுமுள்ள இடந்தேடி மேலே ஏறும். காதின் பின்புறம், பிடரி மயிரின் ஓரம், அக்குள், இடுப்பு, முழங்காலின் உட்புறம் ஆகியவையே அதற்கு உகந்த இடங்கள்.

நமது பகுதியில் இதற்கு இடம் குறைவில்லை. பதுளையைச் சுற்றியும் வெலிமடை, பண்டாரவளைப் பக்கங்களிலும் சிங்களத்திற் பத்தன என்று வழங்கும் புல்வெளிகள் மலைச்சரிவுகளை மூடிக் கிடக்கின்றன. ஆளுயரம் வளரும் மானாப்புல்லைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு நாம் அறிமுகஞ் செய்ய வேண்டுவதில்லை. வேடிக்கை என்னவென்றால், பூச்சிகளை விரட்டுமென்று உலகெங்கும் விற்கப்படும் சிட்ரனெல்லா எண்ணெய் தரும் வாசனைப் புல்லும் இந்த மானாவும் ஒரே குடும்பம். ஆயினும் விலங்குகள் நடமாடும் தடத்தில் நிற்கும் புல் எதுவானாலும் உண்ணிக்கு அது ஏணிதான்.

தேயிலை மலைகளின் கதையும் மாறிவருகிறது. முன்னர்க் களை முளைக்குமுன் ஆள் நிற்கும். இன்று வேலைக்கு ஆட்கள் குறைந்துவிட்டனர். 2015-ஆம் ஆண்டில் கிளைபோசேட் என்னும் களைகொல்லி நாட்டிலே தடைசெய்யப்பட்டு, 2018-ஆம் ஆண்டில் தேயிலைக்கும் இறப்பருக்கும் மாத்திரம் அத்தடை நீக்கப்பட்டதும், 2021-ஆம் ஆண்டில் இரசாயன உரத்துக்கும் மருந்துக்கும் வந்த தடை சில மாதங்களிலே தளர்த்தப்பட்டதும் வாசகர் அறிந்தவையே. அந்தத் தடைகளின் நன்மை தீமையை இங்கே ஆராயப் போவதில்லை. கைவிடப்பட்ட தொங்கல்கள் புதராகி, அந்தப் புதர்களிற் காட்டுப்பன்றி குடிபுகுந்து, அந்தப் பன்றி லயத்துக் கோடிவரை இறங்கி மரவள்ளியைத் தோண்டுகிறது என்பதே நமக்கு வேண்டிய செய்தி. பன்றி வந்த வழியில் உண்ணியும் வருகிறது. இலங்கையில் மனிதர் காதிலிருந்து எடுக்கப்பட்ட உண்ணிகளைச் சேர்த்துப் பேராதனைப் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்து 2016-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்விலே, மிகுதியாக அகப்பட்டது டெர்மசென்டர் ஓராட்டஸ் என்னும் இனத்தின் இளம்பருவமே. அவ்வினத்தின் வளர்ந்த உண்ணி பெரும்பாலும் வாழ்வது காட்டுப்பன்றியின்மேல். ஆகவே நம் மாணவியின் தம்பி காதிற் புகுந்தது, எங்கோ ஒரு பன்றித் தடத்திலிருந்து வந்திருந்தால் வியப்பில்லை.

இனி ஆசிரியர் சொன்ன காய்ச்சலுக்கு வருவோம். உண்ணியால் நோய் பரவும் என்பதை உலகம் அறிந்தது மாட்டின் மூலமாகத்தான். அமெரிக்காவிலே டெக்சாஸ் காய்ச்சல் என்ற மாட்டு நோய்க்குக் காரணம் உண்ணியே என்று தியபோல்ட் ஸ்மித், கில்போர்ன் என்னும் இருவர் 1893-ஆம் ஆண்டில் நிறுவினர். நுளம்பின் வயிற்றில் மலேரியாக் கிருமியை ரொனால்ட் ரோஸ் செக்கந்தராபாத்திற் கண்டது 1897-ஆம் ஆண்டிலேதான். ஆக, அந்த வரிசையில் உண்ணி நுளம்புக்கும் மூத்தது! பின்னர் ஹோவார்ட் றிக்கெட்ஸ் என்ற அறிஞர், அமெரிக்க மலைப்பகுதிகளில் மனிதரைக் கொன்ற புள்ளிக் காய்ச்சலும் உண்ணியால் வருவதே என்பதை 1906-ஆம் ஆண்டில் மெய்ப்பித்தார். நான்கு ஆண்டுகள் கழித்து, அதே வகையைச் சேர்ந்த டைபஸ் நோயை மெக்சிக்கோவில் ஆராயச் சென்றவர் அந்நோயாலேயே மாண்டார். அவர் பெயராலேயே இந்தக் கிருமிகளுக்கு றிக்கெட்சியா என்ற பெயர் வழங்குகிறது.

நம் நாட்டில் மக்கள் ‘உண்ணிக் காய்ச்சல்’ என்று ஒரே பெயராற் சொல்வதில் உண்மையில் இரண்டு நோய்கள் அடங்கியுள்ளன. ஒன்று, நாயுண்ணி முதலியவற்றால் வரும் புள்ளிக் காய்ச்சல். மத்திய மலைநாட்டில் இது நெடுங்காலமாக வைத்தியர்களுக்குப் பழக்கமானது. காய்ச்சலோடு மூட்டுகளில் வலியும், சில நாட்களிற் சிவந்த புள்ளிகளும் தோன்றும். அந்தப் புள்ளிகள் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் வருவது இதற்குரிய அடையாளம். மற்றொன்று புதர்க் காய்ச்சல். இதைக் கொண்டுவருவது மெய்யான உண்ணியன்று, அதற்கு உறவான சிற்றுண்ணியின் குஞ்சு. மணற்பருக்கையினும் சிறிய, செம்மஞ்சள் நிறமான இக்குஞ்சைக் கண்ணாற் காண்பது அரிது. தன் வாழ்நாளில் ஒரே முறைதான் அது பிறவுயிரின் உடம்பைத் தீண்டுகிறது. வளர்ந்தபின் மண்ணுக்குள் வாழ்ந்து நுண்ணிய பூச்சிகளின் முட்டையைத் தின்று காலங்கழிக்கிறது. அந்த ஒரே முறைக்கு எலியோ மூஞ்சூறோ கிடைத்தால் அதன் பாடு தீர்ந்தது. மனிதர் அகப்பட்டால் நம் பாடு திண்டாட்டம். கிருமியைத் தாய் முட்டை வழியாகவே குஞ்சுக்குக் கொடுத்துவிடுவதால், நோய் புகுந்த புதரில் அது தலைமுறை தலைமுறையாக நிலைத்துவிடுகிறது.

ஜப்பானில் ஆற்றோர வயல்களில் உழைத்த குடியானவர் இந்நோயைப் பல தலைமுறைகளுக்கு முன்பே அறிந்திருந்தனர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பர்மாவிலும் பசிபிக் தீவுகளிலும் மாத்திரமன்றி, இலங்கைக் காடுகளிற் பயிற்சி பெற்ற படையினரிடையேயும் இது பரவியது. அப்போது தக்க மருந்தில்லை. படையினரின் உடைகளிற் பூச்சி விரட்டும் எண்ணெயைத் தடவியே காப்பாற்ற முயன்றனர். 1948-ஆம் ஆண்டிற் கோலாலம்பூரில் ஜோசப் ஸ்மேடல் என்ற அமெரிக்க வைத்தியரும் அவர் குழுவினரும் குளோரம்பெனிக்கோல் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்த பிறகே நிலைமை மாறியது. இன்று டொக்சிசைக்கிளின் என்னும் மலிவான மாத்திரையே முதன்மருந்து. எளிதிற் குணமாகக்கூடிய நோயிது. இருந்தும், மருந்து பெறாதவர்களைப் பற்றிய பல நாட்டு அறிக்கைகளை ஒன்றுசேர்த்து 2015-ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கின்படி, நடுத்தரமாக நூற்றுக்கு ஆறு பேர் இறந்திருக்கின்றனர். மாத்திரைக்கும் நோயாளிக்கும் இடையே நிற்பது பெரும்பாலும் ஒன்றே: இது இந்தக் காய்ச்சல்தான் என்று யாருக்கும் தோன்றாமற் போவது.

நாமறிந்த குடும்பமொன்றில் நிகழ்ந்ததை இங்கே சொல்லவேண்டும். பெயரும் தோட்டமும் வேண்டா. பசறைப் பக்கம், கொழுந்து பறிக்கும் தாய், மூன்று பிள்ளைகள். கச்சான் வீசும் மாதமொன்றில் அவருக்குக் காய்ச்சல் கண்டது. முதல் நாள் காய்ச்சலோடேயே மலைக்குப் போனார். பேர் விழாவிட்டால் அன்றைச் சம்பளம் இல்லையே! இரண்டாம் நாள் தலைவலி மண்டையைப் பிளந்தது. மாத்திரை வாங்கிப் போட்டார். இறங்கிய காய்ச்சல் மீண்டும் ஏறியது. டெங்குவாயிருக்குமோ என்று இரத்தஞ் சோதித்தார்கள், இல்லை. எலிக்காய்ச்சலோ என்றார்கள். எட்டாம் நாள் மூச்சு வாங்கத் தொடங்கியது. அதன்பின்தான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கடமையிலிருந்த இளம் பெண் வைத்தியர், திரையை இழுத்து மூடிவிட்டு, “அம்மா, உடம்பில் எங்கேயாவது கறுத்த புண் இருக்கிறதா?” என்று கேட்டார். இல்லையென்றார் இவர். வைத்தியர் விடவில்லை, தாமே தேடினார். இடுப்பிற் படங்குக் கயிறு கட்டும் இடத்துக்குக் கீழே, சதக்காசு அளவில், சுருட்டாற் சுட்டதுபோன்ற கறுத்த பொருக்கு ஒன்று. நோவில்லை, அரிப்பில்லை; ஆதலால் அது இருப்பதே அவருக்குத் தெரியாது. ஒருவேளை தெரிந்திருந்தாலும், முன்பு பார்த்த ஆண் வைத்தியர்களிடம் அந்த இடத்தைக் காட்டியிருக்க மாட்டேன் என்று பின்னர் அவரே நம்மிடம் சொன்னார். மருந்து தொடங்கி இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டது.

இந்தக் கறுத்த பொருக்குத்தான் புதர்க் காய்ச்சலின் முத்திரை. எல்லாரிடமும் இது தோன்றுவதில்லை. தோன்றினாலும் மறைவிடத்திலேயே பெரும்பாலும் இருக்கும். வேலூர்க் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரியினர் தமிழகத்து நோயாளர் பலரை ஆராய்ந்து, பெண்களுக்கு மார்புப் பகுதியிலும் ஆண்களுக்கு அரையிலும் அக்குளிலும் இதைத் தேடவேண்டுமென்று வற்புறுத்தியிருக்கிறார்கள். எனவே நாம் தாய்மாருக்கும் அக்காமாருக்கும் கூறுவது இது. காய்ச்சல் ஐந்து நாளாகியும் விடவில்லையென்றால் ஒருவருக்கொருவர் உடம்பு முழுவதையும் பார்த்துவிடுங்கள். வைத்தியரிடம் சொல்லக் கூசினால், குடும்பநல உத்தியோகத்தரிடமாவது தாதியிடமாவது சொல்லுங்கள். “நான் புல்லுக்குப் போனேன், மிளாறு பொறுக்கப் போனேன், உண்ணி கடித்தது” என்ற ஒரு வாக்கியம், வைத்தியரின் சிந்தனையைச் சரியான திசைக்குத் திருப்பிவிடும். கடித்த அன்றே காய்ச்சல் வராது. ஒரு வாரமோ இரண்டு வாரமோ கழித்தே வரும். அதற்குள் கடித்ததை மறந்துவிடுவது மனித இயல்பு.

சோதனையின் முடிவு வருவதற்கு நாட்செல்லுமாதலால், ஐயம் வலுத்தால் அனுபவமுள்ள வைத்தியர் முடிவுக்குக் காத்திராமலே மருந்தைத் தொடங்கிவிடுவார். அதற்காக எவரும் கடையில் அந்த மாத்திரையைத் தாமாக வாங்கி விழுங்கலாகாது. கருவுற்ற தாய்மாருக்கும் சிறு பிள்ளைகளுக்கும் எந்த மருந்து, எத்தனை நாள் என்பதை வைத்தியரே சொல்லவேண்டும். டைபஸ் காய்ச்சல் இலங்கையில் அறிவிக்கப்பட வேண்டிய நோய்களுள் ஒன்று. சுகாதார அமைச்சின் தொற்றுநோய்ப் பிரிவு வெளியிடும் வாராந்த அறிக்கையில் மாவட்டந்தோறும் இதற்கென ஒரு நிரல் உண்டு. பதுளைக்குரிய வரியிலும் இந்நோயாளரின் எண்ணிக்கையைக் காணலாம்.

மேல்நாட்டுப் புத்தகம் படிக்கும் மாணவர் சிலர், லைம் நோயைப் பற்றிக் கேட்கக்கூடும். அது அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பரவும் நோய். அதைப் பரப்பும் உண்ணியினம் அக்குளிர்நாடுகளுக்குரியது. அண்டை நாடான இந்தியாவில், 1957-ஆம் ஆண்டிற் சிமோகா மாவட்டத்துக் கியாசனூர்க் காட்டில் குரங்குகள் செத்து விழுந்ததையடுத்து மனிதருக்கும் பரவிய குரங்குக் காய்ச்சலும் உண்ணியால் வருவதே. அது பின்னர் வயநாடு வரை இறங்கியிருக்கிறது. நம் தீவிற் கண்டறியப்பட்டதில்லை. ஆயினும் தோட்டத்து எல்லையிற் குரங்கு செத்துக் கிடந்தால் அதைப் பிள்ளைகள் கையாற் தொடாதிருப்பது எந்த நாட்டிலும் நல்லதுதான்.

காப்பு முறைகளில் முதலில் உடை. அட்டைக்கென்று நாம் செய்யும் ஏற்பாடு உண்ணிக்கும் பாதி உதவும். காற்சட்டையின் நுனியைக் காலுறைக்குள் நுழைத்துக் கொள்வது, சப்பாத்து அணிவது, கை நீண்ட சட்டை போடுவது ஆகியவை உண்ணியின் ஏணியைப் பறித்துவிடும். வெளிறிய நிறமானால் ஊர்ந்து வரும் உண்ணி கண்ணிற் படும். இந்த வகையில் நம் பாடசாலைப் பிள்ளைகளின் வெள்ளைச் சீருடையும் வெள்ளைக் காலுறையும் யாரும் நினையாமலே செய்துவைத்த நன்மை. ஆனால் குறுக்குப் பாதை என்று சொல்லிக்கொண்டு மானாப் புதருக்குள் நுழைந்து ஓடினால் அந்த வெள்ளையாலும் பயனில்லை. பாதையின் நடுவே நடக்கவேண்டும். இளைப்பாற நினைத்தாற் கல்லின்மேலோ வெறுந்தரையிலோ அமரலாம், புல்லின்மேற் படுக்க வேண்டா. டீட் என்னும் பொருள் கலந்த பூச்சு மருந்தைத் தோலிற் தடவினாற் சில மணி நேரம் காக்கும். பெர்மெத்ரின் என்னும் மருந்து உடைக்கு மாத்திரம் உரியது, தோலுக்கன்று. இவை வாங்க வசதியுள்ளவர்கள் வாங்கட்டும். நாட்சம்பளக் குடும்பத்துக்கு இவற்றை விதிப்பது, பசித்தவனுக்குப் பழச்சாறு குடிக்கச் சொல்வதுபோலாகும்.

எல்லார்க்கும் காசில்லாமற் கிடைக்கும் மருந்து கண்தான். மாலையில் மலையிறங்கி வந்ததும், புல்லுக்கட்டோ விறகுக்கட்டோ தலையிற் சுமந்து வந்தவர்கள் முதலில் அதை இஸ்தோப்பிலிருந்து விலக்கி வெயிற்படும் இடத்தில் இறக்கவேண்டும். கட்டிலிருந்த உண்ணி நேரே பிடரிக்கும் காதுக்கும் இறங்குவதற்கு அதைவிட நல்ல வழி வேறில்லை. பிறகு உடையைக் களைந்து உதறி, சவர்க்காரம் போட்டுக் குளித்து, உடம்பைத் துடைக்கும்போதே மறைவிடங்களைத் தடவிப் பார்க்கவேண்டும். மலையிற் போட்ட துணியை அன்றே கொதிநீரிற் போடுவதோ, உச்சிவெயிலில் உலர்த்துவதோ நன்று. மூலையில் சுருட்டிப் போட்டால் இரவில் அது பாய்க்கு வந்துசேரும். நம் லயங்களில் ஞாயிறு தோறும் வாசலில் வரிசையாக உட்கார்ந்து பேன் பார்க்கும் வழக்கம் உண்டல்லவா? அந்த அம்மாயிகளின் விரல்களுக்குத் தப்பிய பேன் கிடையாது. அதே விரல்கள் காதின் மடிப்புக்கும் பிடரியின் கீழ்க்கோட்டுக்கும் இன்னும் இரண்டு அங்குலம் நீண்டால் போதும். ஞாயிற்றுக்குக் காத்திராமல், காட்டுக்குப் போன நாளிலெல்லாம் பார்த்தாற் பின்னும் நன்று.

கடித்துக்கொண்டிருக்கும் உண்ணியை எடுப்பதிலேதான் நம்மவர் புத்திசாலித்தனம் எல்லை கடந்துவிடுகிறது. சுண்ணாம்பு தடவுவது, மண்ணெண்ணெய் ஊற்றுவது, நெருப்புக்குச்சியாற் சுடுவது, புகையிலைச் சாறு விடுவது என்று ஊருக்கு ஒரு வழக்கம். துன்புறுத்தப்பட்ட உண்ணி, வயிற்றிலுள்ளதைக் கடிவாய்க்குள் மேலும் உமிழக்கூடும், தோலும் வெந்துபோகும். மெல்லிய முனையுள்ள சாவணம் ஒன்றினால், உண்ணியின் உடலையன்றி அதன் தலைப்பகுதியைத் தோலோடு ஒட்டினாற்போலப் பிடித்து, திருகாமலும் வெட்டி இழுக்காமலும், ஒரே சீராக மேல்நோக்கி இழுக்கவேண்டும். பத்து எண்ணுமுன் விட்டுவிடும். வாயின் துண்டு உள்ளே தங்கிவிட்டாற் கிண்டிப் புண்ணாக்காமல் விட்டுவிடலாம். முள்ளைப்போல் அது நாளடைவில் வெளியே வந்துவிடும். பின்னர்ச் சவர்க்காரமிட்டு இடத்தையும் கையையும் கழுவவேண்டும். உண்ணியை நகத்தால் நசுக்கும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். அதன் குருதியிலுள்ள கிருமி, விரற் கீறல் வழியாகவும் கண்ணைக் கசக்கும்போதும் உட்புகலாம்.

வீட்டைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனெனில் நாயுண்ணி காட்டை நம்பி வாழ்வதன்று. நாயும் சுவரும் இருந்தாற் போதும், தன் வாழ்நாள் முழுவதையும் ஒரே காம்பராவிற் கழித்துவிடும். வயிறு புடைத்த பெண்ணுண்ணி நாயிலிருந்து இறங்கிச் சுவர் வெடிப்பில் ஏறி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். பசியோடு மாதக்கணக்கில் அங்கேயே பதுங்கியிருக்கவும் அதற்குத் தெரியும். ஆகவே நாயை மாத்திரம் கழுவினால் வேலை பாதிதான் முடியும். கட்டி ஒரு நூற்றாண்டு கடந்த லயங்களில் சுவருக்கு வெடிப்பு இல்லாத இடமெங்கே என்று கேட்பீர்கள். கேட்பதில் நியாயமுண்டு; அந்தச் சுவர்களைப் பூசித் தருவது குடியிருப்போர் கடமைதானா என்பதும் நியாயமான கேள்வியே. அதுவரைக்கும், நாய் படுக்கும் மூலையின் வெடிப்புகளையாவது அடைத்துச் சுண்ணாம்பு பூசுதல், சாக்குப் படுக்கையை வாரந்தோறும் வெயிலிற் போடுதல், நாயைப் பிள்ளைகளின் பாயில் ஏறவிடாதிருத்தல் ஆகியவை நம் கைக்குள் அடங்கியவை. லயத்தைச் சுற்றிச் சில முழ அகலத்துக்குப் புல்லை அணைத்து வெட்டி, குப்பையையும் விறகுக் குவியலையும் சுவரிலிருந்து விலக்கி வைத்தால், எலியும் விலகும், எலியோடு வரும் சிற்றுண்ணியும் விலகும்.

ஒன்றை மாத்திரம் கண்டிப்பாகச் சொல்லுகிறோம். தேயிலைக்கோ மரக்கறிக்கோ அடிக்கும் நஞ்சை நாய்மேல் தெளிப்பதும், அதைவிடக் கொடிதாக, பேனுக்கென்று பிள்ளையின் தலையில் தடவுவதும் உயிரைப் பறிக்கும் செயல்கள். உண்ணி சாகுமோ என்னவோ, பிள்ளை சாகலாம்.

மாடு வளர்ப்போருக்கு உண்ணி வேறொரு வகையிற் பகை. பால் மிகுதியாகத் தரும் மேல்நாட்டுக் கலப்பினப் பசுக்களுக்கு, நாட்டுமாட்டுக்கு உள்ள எதிர்ப்பு இல்லை. உண்ணி பரப்பும் கிருமியால் அவற்றுக்குக் காய்ச்சல் கண்டு, சிறுநீர் சிவந்து, இரண்டொரு நாளிலே விழுந்துவிடும். சம்பளத்தை நம்பாமற் பாற்காசை நம்பிப் பிள்ளையை உயர்தரம் படிக்கவைக்கும் குடும்பங்கள் நம் தோட்டங்களில் எத்தனை! அவர்கள் காதடி, மடி, வாலடி ஆகிய இடங்களை நாள்தோறும் பார்த்து, உண்ணி மிகுந்தாற் கால்நடை வைத்தியரிடம் மருந்தும் அளவும் கேட்டுப் பெறவேண்டும். மாட்டுண்ணி ஏறக்குறைய மூன்று வாரம் அதே மாட்டின்மேல் வாழ்ந்தே இறங்குகிறது. ஆகையால் ஒரு முறை மருந்திட்டு ஓய்ந்துவிடாமல், வைத்தியர் குறித்த நாளில் மறுமுறையும் இடவேண்டும். பறித்த உண்ணியைத் தரையிற் போட்டு மிதிப்பதிலும் சவர்க்கார நீருள்ள சிரட்டையிற் போடுவது மேல். தரையிற் போட்டது தப்பினால் இரண்டாயிரத்துக்கு மேல் முட்டையிடும்.

காதுக்குள் உண்ணி புகுந்தால் என்ன செய்வது என்று கேட்ட மாணவிக்கு: அப்பாயியும் அம்மாவும் மாமாவும் அன்பினாற் சொன்னார்களாயினும், இந்த மூவர் சொல்லையும் கேட்காதே. செவிப்பறையில் ஓட்டை இருக்கிறதா இல்லையா என்பது வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. இருந்தால் ஊற்றியது உள்ளே போய் வேறு வினை விளைக்கும். தலைமயிர் ஊசியாற் கிண்டுவதோ இன்னும் கொடுமை; உண்ணி மேலும் உள்ளே போகும், பறையும் கிழியும். வலி பொறுக்க முடியாததாக இருக்கும் என்பதை நாமறிவோம். இருந்தாலும் தம்பியை அசையாமல் வைத்துக்கொண்டு வைத்தியசாலைக்குக் கொண்டுபோவதே வழி. விளக்கும் சாவணமும் உள்ளவர் சிறிது நேரத்தில் எடுத்துவிடுவார். எடுத்த பின்னும் இரண்டு வாரம் வரைக்கும் தம்பிக்குக் காய்ச்சல் வருகிறதா என்று பார்த்துக்கொள்.

மூன்றாவது கேள்விக்கும் விடை உண்டு. உண்ணியை எறியவேண்டாம். ஒட்டுநாடாத் துண்டொன்றில் அதை அப்படியே ஒட்டி, உன் அப்பியாசக் கொப்பியின் கடைசித் தாளிற் பதித்துவிடு. பக்கத்தில் கடித்த தேதி, உடம்பின் எந்த இடம், அன்று எந்தப் பாதையாற் போனீர்கள் என்ற மூன்றையும் எழுது. காய்ச்சல் கண்டால் அந்தத் தாளை வைத்தியரிடம் காட்டலாம்; காணாவிட்டால் உன் விஞ்ஞான ஆசிரியரிடம் காட்டி, கால் எட்டா ஆறா என்று உருப்பெருக்காடியில் எண்ணிப் பார்க்கலாம். எட்டாயிருந்தால் நமக்கும் ஒரு தபாலட்டை எழுது.